ஏழாம் நம்பர் மலையில் நான் போர்த்திய கம்பளி

என் முதுகில் ஏறி வளர்ந்த தங்கச்சி செல்லாயிக்கு,

நீ போன பிறகு வருகிற பதினோராவது மாசி இது. போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். உன் பெயரில் நினைவு நோட்டீஸ் ஒன்று அடிக்க வேண்டும் என்று அச்சுக்கூடம் வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கேட்டேன். "படம் இருக்கா ஆச்சி?" என்றார். உனக்கு ஏது படம்? தேயிலைக் கொழுந்து எடுக்கிற பெண்களைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் வந்த அன்றைக்குக்கூட, பல்லைக் காட்ட மாட்டேன் என்று நீ புறமுதுகு காட்டி நின்றாயே.

"படம் இல்லாட்டி எழுத்தால நெரப்புங்க ஆச்சி. தாள சும்மா விட ஏலாது" என்றார் நானா. அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், நானேதான் எழுதுகிறேன். சிரிக்காதே. கைநாட்டு வீராயிக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். உன் மகள் லெட்சுமி பள்ளிக்கூடம் விட்டு வந்து, அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் எழுதிக் காட்டினாள். கற்றுக்கொள்ள எனக்கு நாலு வருசம் பிடித்தது. இந்தக் கடிதத்தில் உள்ள பிழையையும் அவள்தான் திருத்தப் போகிறாள். பிழையை மட்டும்தான் அவள் தொடலாம். அவளுக்கு இதுவரை நான் சொல்லாத ஒன்று இதற்குள் இருக்கிறது. அது வரும் இடம் எனக்குத் தெரியும்.

முதலில் நல்ல சேதி. நீ பாட்டியாகிவிட்டாய். லெட்சுமிக்குப் பெண் குழந்தை, ஏழு மாதம். உன் பெயரைத்தான் வைத்தோம். பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். பத்து மணிக்கு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுகிறாள். குழந்தை உன்னைப் போலத்தான், பசித்தால் பக்கத்து லயத்து வீடுகள்வரை கேட்கும்.

கெட்ட சேதி, அவள் மலை ஏறுவது ஏழாம் நம்பருக்கு.

அந்த மலையை நீ மறந்திருக்க மாட்டாய். ஒரு காலத்தில் அது நமக்குப் பிடித்த மலை. நிரைக்கு நிரை நிழலுக்குச் சவுக்கு மரமும் முள்முருங்கையும் நின்றன. அப்புறம் புதிதாக ஒரு வெள்ளைத்துரை வந்தார். மரமெல்லாம் மண்ணின் சத்தைக் குடித்துவிடுகிறது, மரத்தை வெட்டினால் கொழுந்து கூடும் என்றார். ஒரு மாதத்தில் மலையை மொட்டையடித்தார்கள். வெட்டிய விறகு நமக்குக் கிடைத்தது என்று நாமும் சந்தோசப்பட்டோம். நீ சுமந்து வந்த விறகில் ஒரு வாரம் சோறு பொங்கினேன். அந்தச் சோற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மாசி மாதத்து மலைநாட்டை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். விடியலில் புல்லின்மேல் பனி உப்புப் போலக் கிடக்கும். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கொடுக்க நிற்கும்போது பல் கிட்டும். கம்பளியைத் தலையோடு போட்டு, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் மலை ஏறுவோம். பத்து மணிக்கு மேல் அதே மலையில் வெயில் ஊசியாக இறங்கும். கம்பளியைக் கழற்றி வைக்க நிழல் வேண்டுமே, இடம் வேண்டுமே? தேயிலைமேல் போட்டால் கொழுந்து நசுங்குகிறது என்று திட்டு. ஆகவே முதுகிலேயே கிடக்கும்.

தண்ணீரும் குடிக்க மாட்டோம். குடித்தால் ஒதுங்க வேண்டும். ஒதுங்க ஒரு மறைவு இல்லை. நிரையை விட்டு இறங்கினால் காளிமுத்துக் கங்காணியின் வாயில் விழ வேண்டும். காலையில் குடித்த தேத்தண்ணியோடு மத்தியானம்வரை ஓட்டினோம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்றுகூட நினைத்தோம்.

அன்றைக்கு நான் உன் பக்கத்து நிரையில் நின்றேன்.

"அக்கா, கண்ணு மங்கலா தெரியுது" என்றாய்.

"ராத்திரியெல்லாம் மகளுக்குக் கத சொன்னா மங்காம என்ன செய்யும்? கைய வீசி எடு. மடுவத்துல கொழுந்து நிறுக்க இன்னும் அரமணிதான்."

கங்காணி கறுப்புக் குடைக்குக் கீழே நின்றுகொண்டு குரல் கொடுத்தார். "என்னாடி, அக்காளும் தங்கச்சியும் கல்யாணமா பேசுறீங்க?"

கொஞ்ச நேரம் கழித்து நீ வானத்தைப் பார்த்துச் சொன்னாய், "அக்கா, மழ வருது. படங்க தலையில போட்டுக்க."

ஒரு மேகம் இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். செல்லாயி, நானும் சிரித்தேன்.

நீ விழுந்தபோது கூடை உன்மேல் கவிழ்ந்தது. தொட்டேன், அடுப்பில் கிடந்த ஓடு மாதிரி இருந்தாய். ஒரு சொட்டு வேர்வை இல்லை. உடம்பு மட்டும் உதறியது. "குளிருது, குளிருது" என்றாய்.

"மலநாட்டுல வெயிலுக்கு விழுந்தவ எவ இருக்கா? முனி அடிச்சிருக்கும், இல்லாட்டி குளிர்காய்ச்சல். போர்த்தி விடுங்கடி" என்றார் கங்காணி.

நாம் இந்தக் குளிரில் பிறந்து வளர்ந்தவர்கள். விழுந்தவளைக் கண்டால் போர்த்தத்தான் நமக்குத் தெரியும். என் கம்பளியைப் போட்டேன். பத்தவில்லை என்று இன்னும் இரண்டு பேரிடம் வாங்கிப் போட்டேன். கழுத்துவரை இழுத்துச் சுற்றினேன். லயத்துக்குத் தூக்கி வந்து, கதவைச் சாத்தி, மிளகு போட்ட கோப்பியைச் சுடச்சுட வாயில் ஊற்றினேன். பொழுது சாயும் முன்னே நீ போய்விட்டாய்.

துரை வந்து பார்த்தார். வாசலில் நின்றே பார்த்தார். தலையில் தொப்பி, காதுவரை நிழல். கங்காணி குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். துரைக்கு முன்னால் யாரும் குடை விரிக்கக் கூடாது என்பதுதானே தோட்டத்து வழக்கம். துரை என்னமோ சொன்னார். "காய்ச்சலோட வேலைக்கு வந்தது ஒங்க பெழையாம்" என்று கங்காணி எங்களுக்குச் சொன்னார்.

மறுநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு பெரிய புத்தகத்தில் என் பெருவிரலை அழுத்தினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தெரியவில்லை. காய்ச்சல் என்று எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. உன் சாவுக்கு நான்தான் சாட்சி போட்டேன்.

அன்றிலிருந்து காளிமுத்துக் கங்காணி நீட்டுகிற வெற்றிலையை நான் வாங்குவதில்லை. என் மகன் கல்யாணத்திலேயே வாங்கவில்லை. சபையில் நீட்டினார்; நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு மறுபக்கம் திரும்பினேன். "இத்தன வருசமாச்சே ஆத்தா, மறந்திருங்க" என்கிறார்கள். மறக்கிறவர்கள் மறக்கட்டும். எனக்கு அந்த நோய் கிடையாது.

இனித்தான் அந்த இடம் வருகிறது. லெட்சுமி, நீ இதை வாசிக்கும்போது பக்கத்தில் நான் இருக்க மாட்டேன். பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருப்பேன். முழுக்க வாசித்துவிட்டுக் கூப்பிடு.

செல்லாயி, உன் மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே ஒரு சிங்கள நர்ஸ், மிஸ்ஸி என்போம், வயதானவர், நல்ல மனுசி. லெட்சுமியின் ஆத்தாள் எங்கே என்று கேட்டார். செத்துவிட்டாள் என்றேன்.

"எப்படி செத்தது?"

"காய்ச்சல், மிஸ்ஸி. மலையில விழுந்துட்டா."

"மலையிலயா? வெயில் நேரமா? வேர்வை வந்ததா?"

"இல்ல. உடம்பு காஞ்ச ஓடு மாதிரி இருந்துச்சு."

"பேச்சு மாறினதா?"

"மழ வருதுன்னா மிஸ்ஸி. மேகமே இல்ல."

மிஸ்ஸி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "ஐயோ அம்மே, அது காய்ச்சல் இல்ல. வெயில். துணி எல்லாம் கழட்டணும். தண்ணி ஊத்தணும், விசிறணும். தண்ணி ஊத்தினதா?"

"இல்ல மிஸ்ஸி. கம்பளி போர்த்துனோம்."

மிஸ்ஸி என் தோளில் கை வைத்தார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை. உள்ளே உன் பேத்தி அழும் சத்தம் கேட்டது. எல்லாரும் ஓடினார்கள். நான் மட்டும் வாங்குப் பலகையிலேயே கிடந்தேன்.

வெயில் உன்னைத் தள்ளியது. போர்த்தியது யார், செல்லாயி? பொழைக்க இருந்தவளையா நான் சுற்றிக் கட்டினேன்? ஏழு மாதமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீ பதில் சொல்ல மாட்டாய். யாரிடம் கேட்பேன்?

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேள். மழையில்லாமல் ஐந்து வாரம். ஏழாம் நம்பரில் லெட்சுமி என் பக்கத்து நிரையில் நின்றாள். பத்து மணிக்கு இறங்கிப் பால் கொடுத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடி வந்திருந்தாள். மத்தியானம் தாண்டியது. அவள் கை தேயிலையில் இல்லாமல் காற்றில் கிள்ளிக்கொண்டிருந்தது.

"லெட்சுமி, என்னாடி?"

திரும்பிப் பார்த்தாள். கண் என்மேல் நிற்கவில்லை. "பெரியம்மா, மழ வருது. படங்கு எங்க?"

அந்த வார்த்தை, செல்லாயி! அச்சு மாறாமல் அதே வார்த்தை.

கூடையைத் தூக்கி எறிந்தேன். கொழுந்தெல்லாம் மண்ணில் சிதறியது. அவள் சாய்வதற்குள் பிடித்துக் கீழே கிடத்தி, கம்பளியை உருவினேன், படங்கை அவிழ்த்தேன், சட்டையின் ஊக்கைப் பிய்த்தேன்.

"ஆம்பளைங்க நிக்கிறாங்க ஆத்தா, என்னா செய்யிறீங்க!" என்று பொம்பிளைகள் கத்தினார்கள்.

"ஆம்பளைங்கள அந்தாண்ட திரும்பச் சொல்லு! தேத்தண்ணிப் போத்தலையெல்லாம் கொண்டாங்கடி!"

மலையில் தண்ணீர் இல்லை. தேத்தண்ணி இருந்தது. ஆறிப்போன தேத்தண்ணி, ஆளுக்கொரு போத்தல். தலையிலும் நெஞ்சிலும் ஊற்றினேன். தலைத்துண்டுகளை நனைத்துக் கக்கத்தில் வைத்தேன். இரண்டு பேர் முந்தானையால் விசிறினார்கள். அவள் உதறிக்கொண்டு கெஞ்சினாள்: "குளிருது பெரியம்மா. கம்பளி தாங்க. கம்பளி தாங்க பெரியம்மா."

நான் கொடுக்கவில்லை. ஒருத்தி இரக்கப்பட்டுக் கம்பளியோடு வந்தாள். அவள் கையில் அடித்தேன்.

நிழலுக்கு ஒரு மரமில்லை. நிழல் அந்த மலையில் ஒரே ஒருவர் கையில்தான் இருந்தது. போய்க் கங்காணியின் குடையைப் பிடுங்கினேன்.

"ஏய் கெழவி! பைத்தியமா ஒனக்கு?" என்று பின்னாலேயே ஓடி வந்தார். அதற்குள் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம். அவர் முகம் வெளுத்தது. "தொரை வர்றாரு! மடக்கு! கொடைய மடக்குடி!"

இப்போதிருக்கும் துரை இந்த நாட்டுக்காரர். தொப்பி மட்டும் அதே தொப்பி. ஏறி வந்தார். மண்ணில் கிடந்த கொழுந்தைத்தான் முதலில் பார்த்தார்.

"என்னா இது? யாரு கொழுந்து கொட்டினது?"

"நாந்தாங்க தொரை."

"கொடை மடக்கு."

எனக்குப் பயம்தான். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வயதில் ஒரு துரைக்கு முன்னால் நான் நிமிர்ந்து நின்றதில்லை. குடைக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மடக்க மாட்டேங்க. தொரை தலையில தொப்பி இருக்குங்க. எம்புள்ள தலைக்கு இது ஒண்ணுதாங்க இருக்கு. இவ ஆத்தா இதே நெரையிலதான் விழுந்தா. மரத்த வெட்டுன வருசம்."

துரை லெட்சுமியைப் பார்த்தார். அப்போதுதான் அவள் முகத்தில் முதல் வேர்வை துளிர்த்தது. அந்தத் துளியைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"நாங்க எறங்குறோம் தொரை" என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். நிரையில் நின்ற அத்தனை பேரும் கூடையை எடுத்தார்கள். "வேலைய விட்டுப் போனா விசாரணை இருக்கு. பத்துச்சீட்டு குடுப்பேன்" என்றார் துரை. பத்துச்சீட்டு வந்தால் வேலையும் போகும், லயத்தில் குடியிருக்கும் காம்பராவும் போகும். எல்லாருக்கும் அது தெரியும். ஒருத்தியும் நிற்கவில்லை. லெட்சுமியைப் படங்கில் கிடத்தி நாலு பேர் தூக்கினார்கள். நான் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

மறுநாள் காலை ஆபீஸ் விறாந்தையில் விசாரணை. துரை, தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா, கங்காணி, பெரிய கிளாக்கர். கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, மைப்பெட்டியைத் திறந்தார்.

"இதிலே கைநாட்டு வையுங்கோ."

"வாசிங்க ஐயா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் துரையைப் பார்த்தார், பிறகு வாசித்தார். லெட்சுமி என்பவள் வீட்டிலிருந்தே காய்ச்சலோடு வேலைக்கு வந்தாள் என்று இருந்தது. பதினோரு வருசம் கழித்தும் அதே காய்ச்சல்!

"காய்ச்சலா, வெயிலா? கங்காணி, நீ சொல்லு" என்றார் துரை.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க தொரை" என்று தரையைப் பார்த்தார் கங்காணி. உன்னைப் போர்த்தச் சொன்ன அன்றைக்கு எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு. வெற்றிலை இனிமேலும் இல்லை.

"பேனா குடுங்க ஐயா" என்றேன்.

கிளாக்கர் மைப்பெட்டியை மூடினார். தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தார். கரித்துண்டு பிடித்த கைக்கு அது வழுக்கியது. அந்த எழுத்துக்குக் கீழே, 'காய்ச்சல் இல்லை. வெயில். தண்ணி இல்லை. மரம் இல்லை. வீராயி' என்று எழுதினேன். துரை புத்தகத்தை இழுத்து வெகுநேரம் பார்த்தார். தமிழ் வாசிக்கத் தெரியுமோ தெரியாதோ. "போ" என்றார்.

அடுத்த பெரட்டில் சொன்னார்கள்: மழை வரும்வரை ஏழாம் நம்பருக்கு விடியலில் ஏறி, பதினொரு மணிக்கு இறங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஆற்றோரத்து நிழல் மலையில் கொழுந்து. தண்ணீர் வாளியோடு மலைக்கு ஒரு ஆள். மழை விழுந்ததும் முள்முருங்கைப் போத்து நடப் போகிறார்களாம்.

நான் கும்பிட்டு நிற்கவில்லை. மழை பெய்தால் துரைமாருக்கு வெயில் மறந்துபோகும். பத்துச்சீட்டு இதுவரை வரவில்லை. வராது என்றும் யாரும் சொல்லவில்லை. லயத்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்னும் எட்டிப் பார்க்கிறேன்.

பழைய புத்தகத்தையும் காட்டச் சொன்னேன். கிளாக்கர் தேடி எடுத்தார். உன் பெயருக்குப் பக்கத்தில் என் பெருவிரல், மங்கிப்போய். "இதையும் மாத்துங்க ஐயா" என்றேன். "பழைய புத்தகத்திலே கை வைக்கேலாது, அம்மா" என்றார். ஆகவே அங்கே நீ இன்னும் காய்ச்சலில்தான் செத்திருக்கிறாய். இந்த நோட்டீசில் அப்படி இல்லை. உன் பெயருக்குக் கீழே, காலமானாள் என்று போட இருந்த இடத்தில், வெயிலில் விழுந்தாள் என்று பெரிய எழுத்தில் அச்சடிக்க நானாவிடம் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் ஒட்டுவேன். ஆபீஸ் சுவரிலும் ஒட்டுவேன். கிழித்தால் மறுபடி ஒட்டுவேன்.

லெட்சுமி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நேற்றுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "பெரியம்மா, அவ்வளவு கெஞ்சுனேன். ஒரு கம்பளி போட்டு விட ஒங்களுக்கு மனசு வரலியா?"

எழுதித் தருகிறேன் என்றேன். இதுதான் அந்தப் பதில்.

வாசித்த பிறகு அவள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுவாளா? கூப்பிடாவிட்டாலும் அவள் உயிரோடு இருந்து கூப்பிடாமல் இருக்கட்டும். எனக்கு அது போதும்.

செல்லாயி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் காலில் பலம் இருக்கிறவரை அந்த மலைக்கு ஏறுவேன். வெயிலில் எவள் விழுந்தாலும், எனக்கு ஆகாதவளின் மகளாக இருந்தாலும், காளிமுத்துக் கங்காணியே விழுந்தாலும் சரி, அவர்கள்மேல் கம்பளி விழ விடமாட்டேன். முதலில் தண்ணீரைத்தான் கொண்டு ஓடுவேன். துரையே வந்து நின்றாலும் குடையை மடக்க மாட்டேன்.

உன்னைப் போர்த்திய அதே கையால்,
உன் அக்கா
வீராயி